பேரில்லாத பிள்ளைக்கு ஒரு ஜெபம்

வேப்பந்தட்டை
11-7-1943

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை அம்சவள்ளி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு சுகமாக இருக்கிறீர்களா?

நீங்கள் திருச்சியை விட்டு அரியலூர் ரயிலடிக் குடிசைகளுக்கு வந்துவிட்டதாகச் சந்தைக்குப் போய்வந்த வண்டிக்காரர் அப்பாவிடம் சொன்னார். "எனக்குப் புள்ளன்னு ஒண்ணுதான். அது பொட்டப்புள்ள" என்று அப்பா சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அப்படித்தான் உங்கள் விலாசம் எனக்குக் கிடைத்தது.

நீங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த செய்தி வந்த அன்று அப்பா தலைமுழுகியது உங்களுக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரிந்திருக்காது. வைக்கோலில் உருவம் கட்டி எரித்து, கருமாதியும் செய்துவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை உங்கள் பெயருக்குக் காக்கைக்குச் சோறு வைக்கச் சொல்கிறார். அம்மா வைப்பதில்லை. போன அமாவாசையில் அப்பா ஏன் என்று கேட்டுச் சத்தம் போட்டார். "எம்புள்ளைக்குப் பசிச்சா அவனே வந்து கேப்பான். நடுவுல காக்கா எதுக்கு?" என்றாள் அம்மா. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு நெற்குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து, திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். நீங்கள் எழுதினால் என் பெயருக்கு எழுத வேண்டாம். என்னோடு எட்டாவது படிக்கும் சிந்தாமணி பெயருக்கு எழுதுங்கள். அவள் அப்பா அமிர்தலிங்கம்தான் இங்கே தபால் ஆபீஸ் பார்க்கிறார். அவரிடம் கடிதத்தை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

பங்குனியில் எனக்கு எட்டாவது பரீட்சை. தேறினால் வாத்தியாரம்மா டிரெயினிங்கில் சேரலாம் என்று எங்கள் தலைமையாசிரியர் சொன்னார். இதை உங்களிடம்தான் சொல்கிறேன். ஒரு வேண்டுதல். அங்கே யாரிடமும் என் பெயரைச் சொல்லாதீர்கள். சந்தைக்கு வரும் நம் ஊர்க்காரர் காதில் விழுந்துவிடும்.

தங்கள் தங்கை
அம்சவள்ளி


ரயிலடி, அரியலூர்
25-7-1943

கர்த்தருக்குள் பிரியமான தங்கை அம்சாவுக்கு, அண்ணன் குழந்தைவேல் ஆசியுடன் எழுதுவது. அவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். அம்மா சொன்ன வார்த்தையைப் படித்தபோது குடிசையை விட்டு வெளியே வர முடியவில்லை.

இந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ரயிலில் மூட்டை ஏற்றி இறக்குபவர்களும், மழை பொய்த்துக் கிராமத்தை விட்டு வந்தவர்களும் லைன் ஓரமாகக் குடிசை போட்டிருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீருக்கு என்ஜின் தொட்டியில் ஒழுகுவதைப் பிடிக்கிறார்கள். அரிசி கிடைக்காத நாளில் புளியங்கொட்டையை வறுத்துத் தின்கிறார்கள். திருச்சிப் போதகர் ஐயா என்னை இங்கே அனுப்பும்போது, "முதலில் அவர்களோடு இரு. பிறகு ஜெபம் தானாக வரும்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. வந்த வாரமே ஒரு தண்டவாளத் துண்டை வேம்பில் கட்டி மாலை ஜெபத்துக்கு அடித்தேன். லைனில் ஏதோ விபத்து என்று எல்லோரும் கூடையும் கயிறுமாக ஸ்டேஷனை நோக்கி ஓடிவிட்டார்கள். வீராயி என்ற மூட்டைக்காரி மட்டும் திரும்பி வந்து, "ஏன் வாத்தியாரே, கும்புடக் கூப்புடுறதுக்கா இப்படி உசுர எடுத்த?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். முதல் ஜெபம் அவளும் நானும் அவள் ஆடும்தான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். நீ கேட்டுக்கொண்டதால் உன்னை மட்டும் 'ஒரு பிள்ளை' என்கிறேன். வீராயிக்கு அது பிடிக்கவில்லை. "பேரில்லாத புள்ளைய சாமி எந்தத் தெருவுல போய்த் தேடுவாரு?" என்கிறாள்.

பரீட்சைக்கு நன்றாகப் படி. ஆண்டவர் வழி திறப்பார்.

உன் அண்ணன்
குழந்தைவேல்


வேப்பந்தட்டை
22-8-1943

அன்புள்ள அண்ணனுக்கு, அம்சவள்ளி வணக்கம். எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

வீராயியைப் பற்றிப் படித்துச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம். முந்திரித் தோப்பு இருக்கிறதாம். அம்மாவின் அரக்குப் புடவையை எனக்குக் கட்டிவிட்டார்கள். பானகம் கொண்டுபோய் வைத்தேன். நடுவில் உட்கார்ந்திருந்தவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவர் மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்து விழுந்து கும்பிட்டேன். கூட வந்த அம்மாள் சிரித்து, "இப்பவே கும்புடுதே, நல்ல புள்ள" என்றாள். பிறகுதான் புரிந்தது. அவருடைய மனைவி போன வருஷம் இறந்துவிட்டார். ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறதாம்.

அவர்கள் போன பிறகு, வேறு இடம் ஏன் பார்க்கக்கூடாது என்று அம்மா கேட்டாள். அப்பா ஒரு காரணம் சொன்னார். அதை உங்களுக்கு நான் எழுத மாட்டேன்.

திருச்சியில் பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் இருப்பதாக நீங்கள் முன்பு சொல்லியிருக்கிறீர்கள். பரீட்சைக்கு முன்பே இடம் தருவார்களா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அம்சவள்ளி


ரயிலடி, அரியலூர்
10-10-1943

கர்த்தருக்குள் பிரியமான அம்சாவுக்கு அண்ணன் எழுதுவது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். நான் சுகம். இங்கே மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆவணிக் கடைசியில் குடிசைகளில் பேதி வந்தது. வீராயியும் நானும் இரவு பகலாக வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு வாயில் ஊற்றினோம். வீராயியின் பேரன் போய்விட்டான். மறுநாள் அவள் மூட்டை தூக்கப் போனாள். மாலையில் வந்து தண்டவாளத்தை அவளே அடித்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக வேம்படி நிறைய ஆள். யாரும் அழைக்காமல் வந்தார்கள்.

பிறகு ஜெபவீட்டுக்கு மண்சுவர் எழுப்பத் தொடங்கினோம். கருப்பண்ணன் என்று ஒருவன், ரயில் வாகனில் சரக்கு ஏற்றும் கூலி. குடித்துவிட்டு வந்து ஈரச் சுவரைக் காலால் உதைத்துத் தள்ளினான். "செத்த புள்ளைய எழுப்பிக் குடுக்காத சாமிக்கு செவுரு எதுக்குடா?" என்றான். பேதியில் இறந்ததில் ஒன்று அவன் பிள்ளை. மறுநாள் அவனே வந்து மண் மிதித்தான். ஜெபம் எனக்கு இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது அம்சா.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் போதகர் ஐயாவிடம் கேட்கிறேன். பயப்படாதே.

உன் அண்ணன்
குழந்தைவேல்


வேப்பந்தட்டை
24-10-1943

அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் சுகம். வீராயியிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. அப்பா புட்டியில் கரிக்கோடு போட்டு வைக்கிறார். நேற்று, "கோட்டுக்குக் கீழ எறங்கியிருக்கே" என்றார். "பூன தட்டி விட்டுடுச்சு" என்றாள் அம்மா. நம் வீட்டில் பூனை இல்லை என்பது அப்பாவுக்கும் தெரியும். இரவு விளக்கில் அம்மா தன் கையால் எண்ணெய் ஊற்றிக் குதிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இந்த முறை தெளிவாகவே எழுதிவிடுகிறேன். தை பிறந்தால் எனக்குப் பதினாலு முடிகிறது. தை முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு அப்பா சொல்லியனுப்பிவிட்டார். பரீட்சை பங்குனியில். எனக்குப் பரீட்சை எழுத வேண்டும் அண்ணா.

நான் யோசித்து வைத்திருக்கிறேன். டிரெயினிங்கில் இடம் உண்டு என்று போதகர் ஐயா எங்கள் தலைமையாசிரியருக்கு ஒரு வரி எழுதினால் போதும். அவர் அப்பாவிடம் பேசுவார். அவர் பேச்சுக்கு அப்பா கட்டுப்படுவார். நீங்கள் வர வேண்டாம். அப்பாவுக்கு எழுதவும் வேண்டாம். உங்கள் பெயர் இதில் வந்தால் எல்லாம் போய்விடும். தலைமையாசிரியருக்கு மட்டும்.

அம்சவள்ளி


ரயிலடி, அரியலூர்
21-11-1943

கர்த்தருக்குள் பிரியமான அம்சாவுக்கு, அண்ணன் நலம். உன் நலத்துக்கும் அம்மாவின் நலத்துக்கும் நாள்தோறும் வேண்டுகிறேன்.

நீ கேட்டதை மறக்கவில்லை. மார்கழிக்கு முன் ஜெபவீட்டைப் பிரதிஷ்டை செய்யப் போதகர் ஐயா நேரில் வருகிறார். கடிதத்தில் கேட்பதைவிட நேரில் கேட்பதே நல்லது என்று வைத்திருக்கிறேன்.

கூரை வேய்ந்தாகிவிட்டது. இனி இருப்பது உள்ளத்து வேலை. பிரதிஷ்டைக்கு முன் ஒவ்வொருவரும் தாங்கள் தவறு செய்தவரிடம் போய் அதைச் சொல்லி ஒப்புரவாக வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் ஒழுங்கு. மறைத்து வைத்த காரியத்தோடு யாரும் உள்ளே கால் வைப்பதில்லை. கருப்பண்ணன் என்றோ வாகனிலிருந்து எடுத்த பித்தளைக் குடத்தை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொண்டுபோய் வைத்தான். அவர் அடிப்பார் என்று நினைத்தோம். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். வீராயி, பேச்சு விட்டுப்போன மருமகள் காலைப் பிடித்தாள். அவள், "விடுங்க அத்த, கூசுது" என்று அழுதாள். இதையெல்லாம் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

இவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கும் சரிசெய்ய ஒரு காரியம் இருக்கிறது. கொஞ்ச நாளாக அது என்னை உறங்க விடவில்லை.

உன் அண்ணன்
குழந்தைவேல்


வேப்பந்தட்டை
26-11-1943

அண்ணா,

சுகம். உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. நீங்கள் சரிசெய்ய நினைக்கும் காரியம் எது? அது அப்பாவாக இருந்தால் வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். பிரதிஷ்டை முடியட்டும், தை முடியட்டும், பங்குனி முடியட்டும். பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். இது கிடைத்ததும் ஒரு கார்டு போடுங்கள். ஒன்றும் எழுத வேண்டாம், 'சுகம்' என்று மட்டும் போடுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

விளக்கு அணையப்போகிறது.

அம்சா


ரயிலடி, அரியலூர்
2-12-1943

கர்த்தருக்குள் பிரியமான அம்சாவுக்கு அண்ணன் எழுதுவது. சுகமே.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அப்பாவுக்கு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கேள். படிக்க அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேதத்தில் சேர்ந்தது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்டேன். நீ எனக்கு எழுதுவதையும் சொன்னேன். உன் மேல் குற்றம் இல்லை, நான்தான் பதில் எழுதி ஊக்கம் கொடுத்தேன் என்றும் எழுதினேன். உன்னைப் பரீட்சை எழுத விடும்படி மகனாக இல்லாவிட்டாலும் மனிதனாகக் கேட்டுக்கொண்டேன். ஒரு பொய்யை உன் தலையில் சுமத்திவிட்டு நான் எப்படி இந்த வீட்டுக்குள் போய் முழங்கால் போடுவேன்? கருப்பண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றாரே, அதை நினைத்துக்கொள். அப்பா நல்லவர். உண்மைக்கு அவர் மனம் இளகும்.

பன்னிரண்டாம் தேதி பிரதிஷ்டை. மணி அடிக்கும்போது உன்னை நினைத்துக்கொள்வேன்.

உன் அண்ணன்
குழந்தைவேல்


வேப்பந்தட்டை
17-12-1943

ஐயா,

நான் சிந்தாமணி. இனி என் பெயருக்குக் கடிதம் போட வேண்டாம். அம்சவள்ளியின் அப்பா தபால் ஆபீசுக்கு வந்து எங்கள் அப்பாவிடம் பேசினார். சத்தம் போடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "எம்பொண்ணு உங்க பொண்ணையும் கெடுத்துடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றார். எங்கள் அப்பா அன்று இரவு என்னை அடித்தார்.

அம்சவள்ளி பள்ளிக்கூடம் வருவதில்லை. தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். பார்க்க விடவில்லை. அவளுடைய பூகோளப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை.

சிந்தாமணி


ரயிலடி, அரியலூர்
12-3-1944

பிரியமான அம்சாவுக்கு அண்ணன் எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாயா? இந்த ஒரு வரியை எழுத மூன்று மாதம் ஆயிற்று. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்கு இங்கிருந்து சில பெண்கள் உங்கள் பக்கம் வருகிறார்கள். வீராயி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சிந்தாமணி எழுதியதும் நான் வேப்பந்தட்டைக்கு வந்தேன். உனக்குத் தெரியுமோ என்னவோ. அப்பா வாசலில் கட்டிலில் இருந்தார். காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டு, "யாருங்க நீங்க? எந்தூரு?" என்று கேட்டார். குழந்தைவேல் என்றேன். "அந்தப் பேருல எனக்கு ஒரு மகன் இருந்தாங்க. கருமாதி ஆயிடுச்சு. நீங்க வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுப் போங்க" என்றார். உள்ளே பார்த்து, "வழிப்போக்கருக்கு எலை போடு" என்று குரல் கொடுத்தார். அம்மா இலை கொண்டுவந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. மண்ணில் உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன். நீ எந்த அறையில் இருந்தாய் என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரதிஷ்டை அன்று போதகர் ஐயாவிடம் உன் படிப்பைப் பற்றிக் கேட்டேன். "இதற்கா நேரில் வரும்வரை காத்திருந்தாய்? ஐப்பசியிலேயே ஒரு கார்டு போட்டிருந்தால் அன்றே எழுதியிருப்பேனே" என்றார்.

ஜெபவீடு நிறைகிறது. கருப்பண்ணன் குடிப்பதில்லை. நான்தான் வாசலில் நின்றுவிடுகிறேன். உன்னிடம் ஒப்புரவாக வேண்டியது பாக்கி இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

குழந்தைவேல்


கங்கைகொண்ட சோழபுரம்
9-4-1944

மகா கனம் பொருந்திய அண்ணா அவர்களுக்கு, அம்சவள்ளி அநேக வணக்கம். இங்கு அவரும் குழந்தையும் நானும் தெய்வாதீனத்தால் சுகம். தங்கள் சுகத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் கடிதம் வீராயி கையால் கிடைத்தது. இதைப் பகலில் எழுதுகிறேன். அவர் பார்த்தார், பார்த்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. தோப்பில் இருந்து நேரம் கழித்துத்தான் வருகிறார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டு விரல் தோல் உரிந்திருக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். பரீட்சை நடந்த நாட்களில் கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தோம். குழந்தைக்கு நான் அரிச்சுவடி சொல்லித்தருகிறேன். கெட்டிக்காரி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். மற்றவர்கள் திருத்தினார்கள். நான் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

தாங்கள் வந்த அன்று நான் குதிருக்குப் பின்னால்தான் இருந்தேன். தாங்கள் சாப்பிடும் சத்தம் கேட்டது. மோர் கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தாங்கள் போன பிறகு வந்த தை அமாவாசையில் அம்மா முதன்முறையாகக் காக்கைக்குச் சோறு வைத்தாள். யார் பெயருக்கு என்று நான் கேட்கவில்லை.

தங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது பொய்யாகிவிடும். பொய்யோடு ஜெபவீட்டுக்குள் போகக்கூடாது என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால் எழுதவில்லை.

வீராயி தோப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் தடவிவிட்டாள். "வாத்தியாரு இத்தன நாளா பேரு சொல்லாம கும்புட்ட புள்ள நீதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இனி மாலை ஜெபத்தில் என் பெயரைச் சத்தமாகவே சொல்லலாம் அண்ணா. கேட்டுவிடக் கூடாதவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

தங்கள் தங்கை
அம்சவள்ளி